‘ஆம்’ என்னும் ஓரசைச் சொல்: வதந்தி, அச்சம், ஊடகம் – 1934 முதல் இன்றுவரை

ஊடகமும் தொழில்நுட்பமும் மனித மனத்தை என்ன செய்கின்றன என்னும் வினா இன்று கருத்தரங்குகளில் மிகுதியாக எழுப்பப்படுகிறது. கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டுதான். ‘கைப்பேசிதான் எல்லாவற்றையும் கெடுத்தது’ என்பது ஒன்று. ‘மனிதர்கள் என்றும் இப்படித்தான், கருவியின்மேல் பழி போடாதீர்கள்’ என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே போதா என்பது இக்கட்டுரையின் கருத்து. அதனை விளக்க, இந்தியாவில் நிகழ்ந்த நான்கு அச்சங்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்: 1934இல் பீகார், 2001இல் டெல்லி, 2012இல் பெங்களூரு, 2018இல் நாட்டின் பல ஊர்கள். இடையே ஒரு சிறு சொல்லுருபைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். வதந்தி என்பது உளவியல் நிகழ்வு மட்டுமன்று, மொழி நிகழ்வும்கூட என்பதால் அது தவிர்க்க இயலாதது.

1. பீகார், 1934

1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில் வட பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. முங்கேரும் முசாஃபர்பூரும் இடிபாடுகளாயின. இரு நாடுகளிலுமாக 10,000 பேருக்கு மேல் மாண்டனர். ரயில் பாதைகள் சிதைந்தன. தந்தித் தொடர்பு அறுந்தது. பாட்னாவில் அப்போது வானொலி நிலையம் இல்லை. 1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த ஆறு வானொலி நிலையங்களுள்ளும் பாட்னா இடம்பெறவில்லை. ஆகவே, செய்தி என்பது பெரும்பாலான மக்களுக்கு ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்வதாகவே இருந்தது.

அந்த நாள்களில் மக்களிடையே உலவிய வதந்திகளை இந்திய உளவியலாளர் ஜமுனா பிரசாத் திரட்டினார். 1935இல் பிரிட்டனின் உளவியல் ஆய்விதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, வதந்தியைப் பற்றிய உளவியல் ஆய்வுகளுள் முன்னோடியானது. அவர் பதிவுசெய்த வதந்திகள் சிலவற்றை நம் மொழியில் இவ்வாறு சொல்லலாம்: நிலம் அதிர்ந்தபோது கங்கையில் நீரே மறைந்துவிட்டதாம், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துபோனார்களாம். நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருகிறதாம். ஜனவரி 23 கொடிய நாளாம். சந்திர கிரகணத்தன்று மீண்டும் கடுமையான நிலநடுக்கம் வருமாம்.

இப்பட்டியலைப் படிப்பவர்க்கு ஒரு புதிர் எழும். பேரிடரிலிருந்து உயிர் தப்பியவர்கள் ஆறுதல் தரும் செய்தியைத்தானே நாட வேண்டும்? முடிந்துபோன துன்பத்தைவிடப் பெரிய துன்பம் வரப்போகிறது என்னும் செய்தியை ஏன் நம்பினார்கள்? ஏன் பரப்பினார்கள்?

மனத்தைக் கலங்கச் செய்யும் நிகழ்வு, வழக்கத்துக்கு மாறானதாகவும் முழுதும் விளங்காததாகவும் சரிபார்க்க இயலாததாகவும், ஒரு குழுவுக்கே பொதுவான அக்கறைக்குரியதாகவும் இருக்கும்போது வதந்தி பிறக்கிறது என்றார் பிரசாத். அவர் பார்வையில் வதந்தி தனிமனிதரின் நினைவுப் பிழையன்று. கலங்கிய ஒரு குழு, தன் பண்பாட்டுக் கையிருப்பிலிருந்து பொருள்களை எடுத்துத் தன் அனுபவத்துக்கு விளக்கம் கட்டிக்கொள்ளும் முயற்சி அது. கிரகணமும் கங்கையும் அவ்வாறு வந்தவையே.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இதே புதிரில் வந்து நின்றார். அறிவு முரண்பாட்டுக் கோட்பாட்டை விளக்கும் அவருடைய 1957ஆம் ஆண்டு நூல், அக்கோட்பாட்டின் தொடக்கப் பொறிகளுள் ஒன்றாகப் பிரசாத்தின் தரவைக் குறிப்பிடுகிறது. ஃபெஸ்டிங்கர் கவனித்தது இது: அந்த வதந்திகள் உலவியது பெரும் அதிர்வை உணர்ந்த, ஆனால் பேரழிவைக் கண்ணால் காணாத மக்களிடையே. உடல் நடுங்குகிறது, சுற்றிலும் பார்த்தால் வீடுகள் நிற்கின்றன. அச்சம் இருக்கிறது, அதற்கு ஈடான காரணம் இல்லை. மனம் இந்த இடைவெளியைத் தாங்காது. எனவே அச்சத்தைக் குறைப்பதற்கு மாறாக, அச்சத்துக்குத் தகுந்த காரணத்தைத் தேடிக்கொள்கிறது. வதந்தி அக்காரணத்தைக் கொடுத்தது.

இதற்கு ஓர் எதிர்ச்சான்றும் இந்தியாவிலிருந்தே கிடைத்தது. 1950இல் டார்ஜிலிங்கில் ஏற்பட்ட நிலச்சரிவுக்குப் பின் அங்கு உலவிய பேச்சுகளைத் துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்து 1952இல் வெளியிட்டார். அழிவை நேரில் கண்ட அம்மக்களிடையே, வரப்போகும் பெருங்கேட்டைப் பற்றிய வதந்திகள் பீகாரில்போல எழவில்லை. அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் கண்ணெதிரே கிடந்தது. வேறொன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை.

காரணம் தேடும் இந்த உந்துதலைப் பாமரரின் குறையென்று ஒதுக்கிவிட முடியாது. நிலநடுக்கத்தின்போது தென்னிந்தியாவில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசியபோது, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையாகவே அந்த நிலநடுக்கத்தைக் கருதுவதாகக் கூறினார். தீண்டாமை எதிர்ப்பில் காந்தியோடு உடன்பட்ட தாகூர், இந்த விளக்கத்தை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு அறக்காரணம் கற்பிப்பது, பகுத்தறிவுக்குப் புறம்பான போக்கை வலுப்படுத்தும் என்பது அவர் கவலை. தாகூரின் மறுப்பையும் தம் விடையையும் காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். இன்னார் சொன்னார், இன்னார் மறுத்தார் என்பது அச்சில் நின்றது. சொன்னவர் யார் என்பது தெரிந்த கூற்றோடுதான் வாதிட முடியும். இக்குறிப்பை மனத்தில் இருத்திக்கொண்டு மொழிக்கு வருவோம்.

2. ஓர் உருபின் வேலை

‘குழந்தை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்.’ ‘குழந்தை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்களாம்.’ இவ்விரு தொடர்களுக்கும் செய்தியளவில் வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் பேசுபவர்க்கும் செய்திக்கும் உள்ள உறவில் இருக்கிறது. இரண்டாம் தொடரைச் சொல்பவர், ‘நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்’ என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். தனித்து நின்றால் உடன்பாட்டைக் குறிக்கும் ‘ஆம்’, வினைமுற்றின் இறுதியில் ஒட்டிக்கொண்டால் பொறுப்பிலிருந்து ஓரடி விலகி நிற்பதைக் குறிக்கிறது. தமிழின் அழகிய முரண்களுள் இதுவும் ஒன்று.

செய்தியின் மூலத்தை இலக்கணத்திலேயே குறிக்கும் இப்பண்பை மொழியியலாளர் சான்றுக்குறிப்பு என்னும் வகையில் அடக்குவர். ரோமன் யாகப்சன் 1957இல் இதனைத் தனி வினைக்கூறாக வரையறுத்தார். அலெக்ஸாண்ட்ரா ஐக்கன்வால்ட் 2004இல் வெளியிட்ட நூல், உலகின் நூற்றுக்கணக்கான மொழிகளில் இது எவ்வாறெல்லாம் அமைகிறது என்று விரித்துக் காட்டியது. இந்தியத் துணைக்கண்டத்தில் இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் ‘அட’, கன்னடத்தில் ‘அந்தெ’, மலையாளத்தில் ‘அத்ரெ’, மராத்தியில் ‘ம்ஹணே’, நேபாளியில் ‘ரே’ ஆகியவை ஏறத்தாழ இதே வேலையைச் செய்கின்றன. 1934இல் பீகார் எல்லைக்கு அப்பால் நேபாளியில் பேசியோர்க்கும் கேட்டதைக் கேட்டதென்று சொல்ல ஓர் உருபு இருந்தது.

இந்த உருபை நாம் மிக இளமையிலேயே கற்றுக்கொள்கிறோம். பாட்டி சொல்லும் கதையில் ராஜா ‘இருந்தானாம்’, பூதம் ‘வந்ததாம்’. பூதத்துக்கு அஞ்சும் குழந்தைக்கு, அப்பூதம் யாரும் கண்டதன்று, சொல்லக் கேட்டது என்னும் குறிப்பும் கூடவே கிடைத்துவிடுகிறது. அச்சத்துக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு மெல்லிய திரை விழுகிறது. தொல்காப்பியர் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் ஓயாது குறிப்பதும் இதே மரபின் புலமை வடிவந்தான். ஊர்ப்பேச்சை, அரும்பு நிலையில் ‘அம்பல்’ என்றும் மலர்ந்து பரவிய நிலையில் ‘அலர்’ என்றும் பிரித்தறிந்தது அகப்பொருள் மரபு. கேள்விப்பட்ட பேச்சு எந்நிலையில் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது என்னும் உணர்வு நம்மிடம் மிகப் பழையது.

இவ்வுருபை மிகையாகப் போற்றவும் வேண்டியதில்லை. ‘ஆம்’ வதந்தியைத் தடுத்துவிடுவதில்லை. தடுத்திருந்தால் அலர் என்னும் சொல்லே தோன்றியிராது. பழி சொல்லிவிட்டுப் பொறுப்பிலிருந்து நழுவவும் அது உதவும். ஆயினும், கேட்பவரிடம் ‘யார் சொன்னது?’ என்று வினவும் உரிமையை அது விட்டுச்செல்கிறது. அந்த வினாவுக்கு இடம் இருக்கும்வரை, அச்சம் பேச்சாகவே நிற்க வாய்ப்புண்டு.

3. ஆய்வுக்கூடத்தில் காணாமற்போனது

பிரசாத்தின் பார்வை பின்னர் வந்த ஆய்வுகளில் பெரிதும் மறைந்துபோனது. இரண்டாம் உலகப் போர்க்கால வதந்திகளை முன்னிட்டு, கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் ஆகியோர் 1947இல் வெளியிட்ட நூல் துறையின் அடிப்படை நூலாயிற்று. ஒருவர் ஒரு படத்தைப் பார்த்து அடுத்தவரிடம் விவரிப்பார். அவர் அதற்கடுத்தவரிடம் சொல்வார். சங்கிலியின் முடிவில் விவரங்கள் தேய்ந்திருக்கும். சில கூறுகள் மட்டும் துருத்தி நிற்கும். கேட்பவரின் முற்சாய்வுக்கேற்பச் செய்தி வளைந்திருக்கும். படத்தில் வெள்ளையர் கையிலிருந்த சவரக்கத்தி, பல சோதனைகளில் கறுப்பர் கைக்கு மாறிவிட்டது என்பது அவர்களின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு.

ஆய்வு அரியதுதான். ஆனால் இதில் பங்கேற்றவர்க்கு அச்சம் இல்லை. படத்தில் இருந்தவர்களோடு உறவும் இல்லை. குழு மறைந்தது, சங்கிலி மட்டும் எஞ்சியது. வரலாற்றறிஞர்கள் இக்குறையை வேறு வழியில் நிறைவு செய்தனர். ரணஜித் குஹா, குடியானவர் கிளர்ச்சிகளைப் பற்றிய 1983ஆம் ஆண்டு நூலில், வதந்தி என்பது ஆசிரியர் பெயரற்ற பேச்சு என்றும், கேட்பவர் ஒவ்வொருவரும் அதைச் சொல்பவராகவும் ஆகிவிடுவதே அதன் ஆற்றல் என்றும் காட்டினார்.

குஹா சொன்னதில் ஒரு மொழியியல் உண்மை அடங்கியுள்ளது. வாய்மொழி வதந்தியில் ஒவ்வொருவரும் செய்தியை மறுபடியும் தம் வாயால் சொல்லியாக வேண்டும். தொடரைத் தாமே அமைக்க வேண்டும். வினைமுற்றை எவ்வாறு முடிப்பதென்று தாமே தீர்மானிக்க வேண்டும். ‘வந்தார்கள்’ என்பதா, ‘வந்தார்களாம்’ என்பதா, ‘வந்தார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்’ என்பதா? கேட்பவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். அந்த முகம் நம்பாமல் சுருங்கினால், சொல்பவர் குரலும் ஒரு படி இறங்கும். ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் இந்த மறுமொழிதலைச் செய்தி சிதையும் இடமாகக் கண்டார்கள். ஐயம் நுழையக்கூடிய இடமும் அதுவே என்பது பலராலும் கவனிக்கப்படவில்லை.

4. டெல்லி, 2001

2001 மே மாதம், டெல்லியை அடுத்த காசியாபாத்திலும் பின்னர் கிழக்கு டெல்லியிலும் இரவுகளில் குரங்கு போன்ற ஓர் உருவம் மக்களைத் தாக்குவதாகப் பேச்சு எழுந்தது. கடும் கோடை; மின்வெட்டு; மொட்டை மாடிகளில் உறங்கும் மக்கள். சிலர் கீறல்களோடு காவல் நிலையத்துக்கு வந்தனர். அலறலைக் கேட்டு இருளில் ஓடி, மாடியிலிருந்து விழுந்து இறந்தவர்களும் உண்டு. காவல்துறை வரைபடங்கள் வெளியிட்டது. உளவியல் வல்லுநர்களும் தடய அறிவியலாளர்களும் ஆராய்ந்தனர். அப்படி ஓர் உருவம் இருந்ததற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை. இது ஒரு பெருந்திரள் அச்சம் என்பதே முடிவாயிற்று.

பிரசாத் வகுத்த நிபந்தனைகள் இங்கும் பொருந்துகின்றன. புதிதாக இருந்தது ஒன்று. முந்தைய டிசம்பர் இறுதியில்தான் ‘ஆஜ் தக்’ 24 மணி நேர ஹிந்திச் செய்தி அலைவரிசையாகத் தொடங்கியிருந்தது. இரவில் நேர்ந்தது காலையில் திரையில் வந்தது. மாலைக்குள் பலமுறை வந்தது. காயம்பட்டவரின் கை, அழும் பெண், காவல்துறையின் வரைபடம் எல்லாம் கண்ணால் காணும் பொருள்களாயின. செய்தியாளர் ‘என்று சொல்லப்படுகிறது’ என்று வாயால் கூறியிருக்கலாம். ஆனால் காட்சிக்கு அத்தகைய உருபு கிடையாது. படத்தின் இறுதியில் ‘ஆம்’ ஒட்டாது. காட்டப்படுவதெல்லாம் ‘இருக்கிறது’ என்றே மனத்தில் பதியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. புதிய ஊடகத்தைக் குற்றவாளியாக்குவதும் பழைய வழக்கம். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நிகழ்த்திய செவ்வாய்க் கோள் படையெடுப்பு நாடகத்தைக் கேட்டு நாடே கலங்கியோடியது என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்ட கதை. அந்த அச்சம் அன்றைய நாளிதழ்களால் பெரிதும் ஊதிப் பெருக்கப்பட்டது என்றும், விளம்பர வருவாயில் வானொலி அவற்றுக்குப் போட்டியாக இருந்தது இதற்கொரு காரணம் என்றும் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே, தொலைக்காட்சி அச்சத்தைப் படைத்தது என்று நான் கூறவில்லை. முன்பே இருந்த அச்சத்துக்கு அது வாய்மொழியில் கிடைக்காத ஓர் உறுதிப்பாட்டை வழங்கியது என்றே கூறுகிறேன்.

5. பெங்களூரு, 2012

2012 ஜூலையில் அசாமின் கொக்ரஜார் பகுதியில் வன்முறை மூண்டது. ஆகஸ்டு நடுப்பகுதியில், தென்னிந்திய நகரங்களில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் குறுஞ்செய்திகள் பரவின. வேறு நாடுகளில் வேறு காலங்களில் எடுக்கப்பட்ட படங்களும் அசாம் நிகழ்வுகளாகச் சுற்றுக்கு விடப்பட்டன. சில நாள்களுக்குள் பெங்களூரு ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. சென்னை, புனே, ஹைதராபாத் ஆகிய நகரங்களிலிருந்தும் மக்கள் வெளியேறினர். அரசு, ஒருவர் ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு 15 நாள் தடை விதித்தது.

அம்மக்கள் ஏமாளிகள் என்று நினைப்பது பெரும் பிழை. ஊர் அசாமில் எரிகிறது; உறவினர் அங்கே; தாமோ, முகத்தோற்றத்தை வைத்துக் கேலி பேசும் நகரத்தில். அச்சம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு வரலாறும் இருந்தது. குறுஞ்செய்தி அதற்கு நாளும் இடமும் குறித்துக் கொடுத்தது. பாட்னாவில் ‘ஜனவரி 23’ செய்த வேலையைத்தான் இது செய்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஜனவரி 23ஐப் பற்றிச் சொன்னவர் அதைத் தம் சொற்களில் சொன்னார். குறுஞ்செய்தியை அனுப்பியவர் எதையும் சொல்லவில்லை. விரலால் தொட்டு நகர்த்தினார்.

பேசுபவர் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று பங்குகள் ஒளிந்திருக்கின்றன என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் விளக்கினார்: ஒலிப்பவர், சொற்களை அமைத்தவர், அக்கருத்துக்குப் பொறுப்பேற்பவர். வாய்மொழி வதந்தியில் சொல்பவர் ஒலிப்பவராகவும் ஓரளவு அமைத்தவராகவும் இருக்கிறார். ‘ஆம்’ சேர்த்து மூன்றாம் பங்கிலிருந்து விலகுகிறார். ஃபார்வர்டு செய்பவர் இம்மூன்றுள் எதுவுமல்லர். அவர் பேசாமலே பேச்சு நிகழ்ந்துவிடுகிறது. ஐயத்தைச் செருக இடமில்லை. செருகாததற்குப் பழியும் இல்லை. செய்தி தாயிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோ வருகிறது. ஆகவே அவர்கள்மேல் உள்ள நம்பிக்கை மட்டும் செய்தியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

6. 2018

2018இன் கோடையில் இது கொலையாக முடிந்தது. பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த காணொளி ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வர். பிறகு திரும்பிவந்து அவனை இறக்கிவிட்டு, விழிப்போடிருங்கள் என்னும் அறிவிப்பைக் காட்டுவர். இறுதிப் பகுதி வெட்டப்பட்டு முற்பகுதி மட்டும் இந்தியாவில் வாட்ஸ்அப் வழியே உலவியது. வெட்டப்பட்டது சில நொடிகள்தான். இது நடந்ததன்று, நடித்தது என்பதைச் சொல்லும் நொடிகள் அவை. அந்தக் காணொளியின் ‘ஆம்’ அங்கேதான் இருந்தது.

மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த முதிய பெண் ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததால் குழந்தை கடத்துபவர் என்று கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். ஜூன் மாதம் அசாமின் கார்பி ஆங்லாங்கில் இளைஞர் இருவர். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில் ஐவர். ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க அரசுகள் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகளை வகுத்து ஆணையிட்டது.

இவற்றுள் என்னை மிகவும் நிறுத்தியது திரிபுராவில் நடந்தது. வதந்திகளை நம்பாதீர் என்று ஒலிபெருக்கியில் ஊர் ஊராக அறிவிப்பதற்கு அரசால் அமர்த்தப்பட்டவர் ஒருவர், ஜூன் 28 அன்று அப்பணியின்போதே, குழந்தை கடத்துபவர் என்னும் ஐயத்தால் கும்பலால் கொல்லப்பட்டார். மறுப்பைச் சொல்ல வந்தவர் அவ்வூர்க்காரர்க்கு அறிமுகமற்ற முகம். வதந்தியைக் கொண்டுவந்ததோ அறிமுகமான தொலைபேசி எண். சரியான செய்தியைச் சொல்லிவிட்டால் அச்சம் கலைந்துவிடும் என்று நம்பும் நம்மைப் போன்றவர்கள் இந்நிகழ்வை எளிதில் கடந்துவிட இயலாது.

7. இயந்திரம் ஒட்டிய ‘ஆம்’

2018 ஜூலையில் வாட்ஸ்அப் இரு மாற்றங்களைக் கொண்டுவந்தது. பிறரிடமிருந்து வந்ததை அனுப்பினால் ‘முன்னனுப்பப்பட்டது’ என்னும் பொருளுடைய அடையாளம் தோன்றும். இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாது. ஐந்து என்னும் வரம்பு 2019 ஜனவரியில் உலகெங்கும் நீட்டிக்கப்பட்டது. பலமுறை முன்னனுப்பப்பட்டவற்றை ஒரே ஓர் உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்னும் கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது.

மொழியியல் நோக்கில் அந்த அடையாளம் வியப்புக்குரியது. மனிதர்கள் சொல்லாமல் விட்ட சான்றுக்குறிப்பை இயந்திரம் தானே ஒட்டத் தொடங்கியிருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றாகா. ‘ஆம்’ என்பது சொல்பவரின் மனநிலை. அதைச் சொல்லும்போது அவரும் ஒரு கணம் ஐயுறுகிறார். அடையாளமோ செய்தி வந்த வழியை மட்டும் காட்டுகிறது. அனுப்பியவர் ஐயுற்றாரா என்பது அதில் தெரியாது.

உளவியல் ஆய்வுகளும் இதன் எல்லையைக் காட்டுகின்றன. கார்ல் ஹோவ்லண்டும் வால்ட்டர் வைஸும் 1951இல் வெளியிட்ட ஆய்வில், நம்பத்தகாத மூலத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கருத்தை மாணவர்கள் முதலில் அவ்வளவாக ஏற்கவில்லை. நான்கு வாரம் கழித்து அதே கருத்துக்கு இணக்கம் கூடியிருந்தது. கருத்து மனத்தில் நின்றது. அது யாருடையது என்னும் நினைவு அதிலிருந்து கழன்றுவிட்டது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதே அதை உண்மையென எண்ணச் செய்கிறது என்று ஹாஷர் முதலியோர் 1977இல் காட்டினர். அதாவது, ‘ஆம்’ மனத்துக்குள் சென்றபின் தேய்கிறது. வாய்மொழியில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதைப் புதுப்பிக்க வாய்ப்பிருந்தது. ஒரே காணொளி ஐந்து குழுக்களிலிருந்து வந்துசேரும்போது, மூலம் ஒன்றே என்பதை மறந்து ஐந்து சாட்சிகள் என்று மனம் கணக்கிட்டுக்கொள்கிறது.

8. எஞ்சும் வினாக்கள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, அச்சம் ஊடகத்துக்கு முந்தியது. பாட்னாவிலும் பெங்களூருவிலும் மனம் முதலில் நடுங்கியது. விளக்கம் பிறகு வந்தது. ஆகவே, வதந்தியை மட்டும் மறுத்துவிட்டு அதன் அடியிலுள்ள அச்சத்தைக் கேளாமல் விடும் எந்த முயற்சியும் பாதி முயற்சியே. தன் குழந்தையைக் காக்க முடியுமா என்னும் பெற்றோரின் கலக்கத்துக்கும், அயலூர்க்காரரைக் கண்டு எழும் ஐயத்துக்கும் சமூகக் காரணங்கள் உள்ளன.

இரண்டாவது, ஊடகம் வெறும் குழாயுமன்று. மறுமொழிதலின் தேவையை அது நீக்கும்போது, தலைமுறை தலைமுறையாக மொழி நமக்குக் கொடுத்துவந்த ஒரு சிறு தயக்கத்தையும் நீக்கிவிடுகிறது. தொழில்நுட்பத்தின் உளவியல் விளைவை அளக்க விரும்புவோர், திரையின் முன் கழியும் மணிகளை எண்ணுவதோடு நில்லாமல், இந்தத் தயக்கம் எங்கெல்லாம் அழிந்தது என்பதையும் காண வேண்டும். இந்திய மொழிகளில் உலவிய வதந்திச் செய்திகளை மொழிவாரியாகத் திரட்டி, கேள்வியுருபுகள் எங்கே நின்றன, எங்கே உதிர்ந்தன என்று ஆராய்வது முனைவர் பட்ட ஆய்வுக்குத் தக்க பொருள். மொழியியல் மாணவரும் உளவியல் மாணவரும் சேர்ந்து செய்ய வேண்டியது இது. 1934இல் பிரசாத் தனியொருவராகத் தொடங்கிய பணி அது.

மூன்றாவது, அடுத்த கட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் விடைகளை மாணவர்கள் நாள்தோறும் படிக்கிறார்கள். அவை சொல்வன அனைத்தும் பிறர் எழுதியவற்றிலிருந்து பெறப்பட்டவை. ஒன்றையும் அவை கண்டதில்லை. இலக்கணப்படி பார்த்தால் அவற்றின் ஒவ்வொரு தொடரும் ‘ஆம்’ என்றே முடிய வேண்டும். ஆயினும் அவை பெரும்பாலும் ‘ஆகும்’, ‘உள்ளது’, ‘நிகழ்ந்தது’ என்று தெளிவாக முடிக்கின்றன. அத்தெளிவைப் படித்துப் பழகும் மனம், கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள வேறுபாட்டை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதை நாம் இனித்தான் ஆராய வேண்டும்.

அதுவரை, ஆசிரியர்கள் வகுப்பறையில் செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்றுண்டு. மாணவர் தமக்கு வந்த ஒரு செய்தியை முன்னனுப்பாமல், தம் வாயால் மற்றொருவரிடம் சொல்லிப்பார்க்கட்டும். வினைமுற்றை எவ்வாறு முடிப்பது என்று அவர் தயங்கும் அந்த ஒரு கணத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். மூலத்தைப் பற்றிய வினா அவரிடமே எழும். இத்துறையில் பணிபுரிவோர், குறிப்பாகப் பிற இந்திய மொழிகளின் கேள்வியுருபுகளை அறிந்தோர், தம் மொழிகளில் இவை எவ்வாறு வழங்குகின்றன என்பதைப் பகிர்ந்துகொண்டால் இவ்வாய்வுக்குப் பெரிதும் உதவும்.